கொக்கு கற்பித்த தவளை மொழி

தாமரைக் குளத்தை நோக்கி ஒரு யானைக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் வந்து சேர்ந்துவிடும். கரையோரச் சேற்றில் குடியிருந்த தவளைகள் எதிர்க்கரைப் பாறைக்குப் போகாவிட்டால் கூண்டோடு நசுங்க வேண்டியதுதான். காட்டின் பொதுமொழியோ ஒன்றிரண்டு தவளைகளுக்குத்தான் புரியும்.

"அவர்கள் மொழியிலேயே எச்சரித்துவிடு!" என்று சிங்கராஜா மைனாவுக்கு உத்தரவு போட்டார்.

மைனாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. பத்துக் கிளிகளைச் சேர்த்தது. ஊட்டியதை அப்படியே ஒப்பிக்கும் கிளிகள். அர்த்தம் கேட்டு உயிரை வாங்காதவை. இனித் தவளை மொழி கிடைத்தால் போதும்.

பொதுமொழி அரைகுறையாகத் தெரிந்த ஒரு பெண் தவளை தத்தித் தத்தி வந்தது. "எங்க பேச்சு வேணுமாமே? சேத்துல வந்து ரெண்டு நாள் எங்களோட இரு, நாங்களே சொல்லித் தர்றோம்! ஆமா, எதுக்கு அது?"

"ராஜாங்கக் காரியம்! உன்னிடமெல்லாம் சொல்ல முடியாது!" என்றது மைனா. சேற்றில் உட்கார்ந்தால் அதன் பளபளப்புச் சிறகு என்ன ஆவது?

நேரே கொக்கிடம் பறந்தது.

"தவளைப் பேச்சா? தினமும் கேட்கிறேனே! என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று கொக்கு கழுத்தை நீட்டியது. தன் அலகில் சிக்கிய தவளைகள் போட்ட சத்தத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தது. பின்னே, கொக்கிடம் வேறு எந்தத் தவளை வாய் திறந்திருக்கும்?

அந்த மேதாவி மைனாவுக்கு இது உறைக்கவே இல்லை. "இதில் 'பாறைக்குப் போங்கள்' என்பது எது?" என்று கேட்டது.

"இருப்பதிலேயே சத்தமானது எதுவோ, அதுதான்!" என்றது கொக்கு.

மூன்றாம் நாள் பத்துக் கிளிகளும் குளத்தைச் சுற்றி உட்கார்ந்து கத்தின. சாகிற தவளையின் அலறல், பத்து வாயில்! தவளைகள் பதறிப்போய் இருந்த இடத்திலேயே சேற்றுக்குள் ஆழமாகப் புதைந்துகொண்டன.

"அடேயப்பா, சொன்னவுடன் கேட்கிறார்களே!" என்று மைனா பூரித்தது. யானைகள் சேற்றில் இறங்கின.

பாதித் தவளைகள் செத்தன. அந்தப் பெண் தவளை நொறுங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்தது.

"உன் கிளிங்க கத்தினது என் தம்பி குரல். கொக்கு அவனைக் கொத்தினப்போ கடைசியாக் கத்தினது. அதையா எங்க மொழின்னு நெனச்சே? பாவி!"

மைனா சிங்கராஜாவிடம் பறந்துபோய், "எங்கள் வேலை பிரமாதம், ராஜா! தவளைகளுக்குத்தான் தங்கள் மொழியே தெரியவில்லை!" என்றது.

பேசுகிறவர்களை ஒதுக்கிவிட்டு அவர்கள் மொழியைக் கற்கப் போகிறவன், உதவுகிறேன் என்று வந்து அவர்கள் உயிருக்கே உலை வைப்பான்.