மாதிரிக்கு ஒரு மீன்

மணல்மேட்டுப்பட்டினம் எங்கே இருக்கிறது என்று யாரும் வரைபடத்தை விரிக்க வேண்டாம். அங்கே நடந்தது உங்கள் ஊரிலும் நடந்திருக்கும். நீங்கள் வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் கடலைப் பார்த்தபடி கடற்காற்று லாட்ஜ் என்று ஒன்று இருந்தது. கடலைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். தங்கியபின் கடலை மறந்துவிட்டு, வரவேற்பு மேஜைமேல் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சூட்கேஸ் அளவுத் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், ஒரு பாறை, தண்ணீரைச் சுற்றவிட ஒரு பம்பு, மேலே ஒரு விளக்கு. நடுவில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஒரு மீன். பெயர் ராணி. ராணி வந்த பிறகுதான் அறைகள் நிரம்புகின்றன என்று முதலாளி ரூபர்ட் பர்னாந்து நம்பினார். பக்கத்து லாட்ஜ் இடிந்து விழுந்ததும் அதே மாதம்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மகளின் பிரசவத்துக்காக முதலாளி மஸ்கட் கிளம்பினார். காரில் ஏறுமுன் ஊழியர்கள் மூவரையும் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். தளவாய் மேனேஜர், மீசை பெரியது என்பதால் அந்தப் பதவி. இசக்கி சமையல். லாசர் வாட்ச்மேன். மூவருக்கும் வீடு வாசல் எல்லாம் அந்த லாட்ஜ்தான்.

“ஏல, நான் திரும்பி வரும்போது ராணி இங்க இருக்கணும். ராணி இல்லைன்னா நீங்க மூணு பேரும் இந்த லாட்ஜுல இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது மொதலாளி” என்றார்கள் மூவரும். ஆபத்து அங்கேயே தொடங்கிவிட்டது.

முதலில் தண்ணீர் குறைந்தது. முதலாளி தொட்டியில் கீறி வைத்திருந்த கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது.

“எவனோ குடிச்சிருக்கான்” என்றார் தளவாய்.

“கடல் தண்ணிய எவன்வே குடிப்பான்?” என்றார் இசக்கி.

“உம்ம சாம்பாரக் குடிக்கவன் எதையும் குடிப்பான்” என்றார் லாசர்.

நியாயமான பேச்சு. இசக்கியின் சாம்பாரை இன்னொரு தரம் கேட்டு வாங்கியவர் ஆறாம் அறை வக்கீல் ஒருவர்தான். கேஸ் விஷயமாக வந்து தங்கியிருந்த மனிதர். மூவரும் போய் அவர் கதவைத் தட்டி நாக்கை நீட்டச் சொன்னார்கள். தளவாய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உப்பு பூக்கவில்லை, நீர் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார். அவ்வளவு சீக்கிரம் ஒரு தீர்ப்பு வந்து வக்கீல் தம் ஆயுளில் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் போட்டார்கள்.

“தண்ணி ஆவியாப் போயிருக்கும்ல. உப்பு போவாது, உள்ளேயே கிடக்கும். அதனால கடல் தண்ணிய ஊத்தித் தொலைச்சிராதீங்க, உப்பு கூடிரும். பாட்டில் தண்ணி வாங்கிச் சேருங்க. சீல் உடைச்ச பாட்டில் வேண்டாம், என்ன?”

சீல் உடைக்காத பாட்டில் ஒன்று வாங்கி வந்தார்கள். சீல் உடைக்காமலேயே அதைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். மிதந்தது. பாறையை எடுத்து மேலே வைத்து அமுக்கினார் லாசர். தண்ணீர் சரியாகக் கோடு வரைக்கும் ஏறி நின்றது.

“மட்டம் வந்துட்டு மொதலாளி!” என்று போனில் கத்தினார் தளவாய். முதலாளி அங்கே சந்தோஷப்பட்டார். இங்கே ராணி பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து லேபிளைப் படித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது பாசி. வராமல் எங்கே போகும்? ராணி பயந்துவிடக் கூடாது என்று லாசர் விளக்கை இரவும் பகலும் எரியவிட்டார். ராணி இளைத்துவிடக் கூடாது என்று இசக்கி வேளைக்கு ஒரு இட்லியை உதிர்த்துப் போட்டார். கண்ணாடி பச்சை கட்டியது.

“வெளிச்சத்தக் குறைங்கல!” என்றார் முதலாளி. “விளக்க அணைச்சுட்டுக் கறுப்புத் துணி போட்டு மூடுங்க. உள்ள பொட்டு வெளிச்சம் இருக்கக் கூடாது.”

லாட்ஜில் கறுப்புத் துணி என்று இருந்தது வக்கீலின் கவுன் ஒன்றுதான். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துப் போர்த்தினார்கள்.

“உள்ள இருட்டாத்தான் இருக்கான்னு பாக்கணும்லா?” என்றார் தளவாய்.

லாசர் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். “ஐயையோ! பட்டப்பகலா இருக்கு!”

கவுனுக்கு மேல் ஒரு கம்பளி போட்டார்கள். டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் அப்படியே இருந்தது. கம்பளிக்கு மேல் ஜன்னல் திரை, அதற்கு மேல் ஒரு மெத்தை. மெத்தைக்கு அடியில் கையை நுழைத்து மறுபடி டார்ச் அடித்தார் லாசர்.

“குறையவே இல்லவே. எங்கிருந்துதான் வருதோ!”

“எனக்கு ராணி மேலதான் சந்தேகம்” என்றார் இசக்கி. “ஆளு கொஞ்சம் மினுமினுப்பு.”

மூவரும் முறைபோட்டு நாள் முழுக்க டார்ச் அடித்து இருட்டைச் சோதித்தார்கள். வக்கீல் கவுன் இல்லாமல் கோர்ட்டுக்குப் போய் நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பாசி மட்டும் நன்றாக இருந்தது.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். போனில் சத்தம் கேட்டது. “கடல் நத்தை கொஞ்சம் பிடிச்சு விடுங்கல. அது பாசியத் தின்னு தீர்த்துரும்.”

லாசர் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை உடனே வேலையைத் தொடங்கிவிட்டன. கண்ணாடியில் ஓரிடம் வெளுத்ததுமே தளவாய் முகத்தில் கவலை படிந்தது.

“இந்த வேகத்துல தின்னா பாசி தீந்துருமே. பொறவு நத்தை என்னத்தத் தின்னும்? நம்ம லாட்ஜுல தங்க வந்த ஜீவன் பட்டினி கிடந்துதுன்னா மொதலாளிக்குல்லா கெட்ட பேரு!”

மூவரும் கூடிப் பேசி, மெத்தை, திரை, கம்பளி, கவுன் எல்லாவற்றையும் எடுத்தார்கள். விளக்கைப் போட்டார்கள். கல்யாண வீட்டு சீரியல் பல்பும் கொண்டுவந்து சுற்றினார்கள். இசக்கி இட்லியோடு சட்னியும் சேர்த்துக்கொண்டார். பாசி தழைத்தது. நத்தைகள் பெருத்தன. தொட்டி முழுக்க ஒரே பச்சை. ராணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசியில் பாசி போய் அடைத்து பம்பும் நின்றுவிட்டது.

போன் போட்டபோது முதலாளி விமான நிலையத்தில் இருந்தார். “ஏல, பம்பு நின்னா ராணிக்கு மூச்சு முட்டும்! அவளப் பிடிச்சு ஒரு பக்கெட்டுக் கடல் தண்ணியில விடுங்க. தொட்டியக் கழுவி, பம்பக் கழுவி, புதுக் கடல் தண்ணி ஊத்துங்க. நான் நாளைக்கு அங்க இருப்பேன்!”

உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வேலையை மூவரும் கச்சிதமாகச் செய்தார்கள். லாசர் தம் சொந்தப் பக்கெட்டில் ராணியை விட்டார். பாட்டில் வெளியே வந்தது. பாசி போனது. தண்ணீர் பளிங்காக நின்றது. பம்பு ஓடியது. மறுநாள் காலையில் மூவரும் கைகட்டி நின்று தொட்டியை ஆசையாகப் பார்த்தார்கள்.

“ராணிய எங்கவே?” என்றார் தளவாய்.

பாறையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நத்தையாகத் திருப்பிப் பார்த்தார்கள். இல்லை.

“பாசியோட சேத்துக் கழுவி ஊத்திட்டோமேவே!” என்று இசக்கி கதறி அழுதார். “என் இட்லிய மொகம் சுளிக்காமத் தின்ன ஒரே ஜீவன் அது!” அவருக்கு நிஜமாகவே துக்கம். எனக்கும் கேட்டபோது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

“அழ நேரம் இல்ல” என்றார் தளவாய். “மொதலாளி என்ன சொன்னாவ? ராணி இல்லைன்னா நாம இங்க இருக்கக் கூடாது. கிளம்புங்க.”

அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு அப்போதே தெருவுக்கு வந்துவிட்டார்கள். லாட்ஜில் வேறு ஆளில்லாததால் வக்கீல் மேஜையில் உட்கார்ந்து சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

தெருவில் நின்றதும்தான் லாசருக்கு யோசனை வந்தது. “அச்சு அசலா அதே மாதிரி ஒரு மீன் வாங்கி விட்டுட்டா?”

“ராணிக்குப் பட்டை எத்தனை?” என்றார் தளவாய். லாசர் இரண்டு என்றார். கேட்ட தளவாயே மூன்று என்றார். இசக்கியால் அழுகையில் எதுவும் சொல்ல முடியவில்லை.

“சண்டை எதுக்கு? என் பக்கெட்டுல ஒரு மீன் கிடக்கு” என்றார் லாசர். “பாத்தா ராணி மாதிரியேதான் இருக்கு. மாதிரிக்கு அதக் கொண்டு போவோம்.”

வண்ண மீன் கடைக்காரர் பக்கெட்டைப் பார்த்தார். மூவரின் முகத்தையும் பார்த்தார்.

“இதே மாதிரி வேணுமா?”

“இம்மி பிசகக் கூடாது.”

கடைக்காரர் குனிந்து பக்கெட்டிலிருந்த மீனை அள்ளி, ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டி, காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, பையை நீட்டினார்.

“அடேயப்பா, ஒத்துமையப் பாத்தீரா!” என்று பூரித்துப்போனார் தளவாய்.

கடைவாசலை விட்டு இறங்கியதும் லாசர் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “வே, மாதிரி மீனக் காணலவே!”

பக்கெட்டைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தபோது, வக்கீலிடம் விசாரித்துக்கொண்டு முதலாளி ஓடி வந்தார். பையைப் பார்த்ததும் “ராணி!” என்று வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

தளவாய்க்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. “மொதலாளி, இது ராணி இல்ல. ராணி மாதிரி. இப்பதான் வாங்குனோம்.” நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

முதலாளி பையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “அதான பாத்தேன். ராணி மொகத்துல ஒரு லட்சணம் இருக்கும். இதுக்கு அது இல்ல.” திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “கூறுகெட்ட மூதிகளா! மாதிரிக்குன்னு பக்கெட்டுல கொண்டு போனீங்களே, அதுதாம்ல ராணி!”

முதலாளி என்றால் சும்மாவா என்று மூவரும் வாயைப் பிளந்தார்கள்.

“அது எங்கல இப்ப?”

“அதத்தான் மொதலாளி காணல.”

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தளவாய் கையில் கொடுத்தார்.

“இதத் தூக்கிக் காட்டி, இந்த மாதிரி ஒரு மீனப் பாத்தீங்களான்னு ஊர் பூரா கேளுங்கல. பை பத்திரம்! மாதிரிக்கு நம்மகிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”