மூட வேண்டும் என்று எழுதியவள்

மேலக்காவளம் தொடக்கப்பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை நிலோஃபருக்கு முப்பத்தாறு வயது. தங்கப்பழத்துக்கு ஐம்பத்திரண்டு.

தங்கப்பழம் நடுநிலைப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். உபரி ஆசிரியர் என்று நாலு வருடத்தில் மூன்று ஊருக்கு மாற்றினார்கள். அதிலிருந்து அவருக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். தபால்காரர் சிரித்தால்கூட, என்ன உத்தரவைக் கொண்டுவந்திருக்கிறாரோ என்று பார்ப்பார்.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க அவருக்குத் தெரியாது. அதை அவர் மறைக்கவில்லை. வயதில் சின்னவரான நிலோஃபரிடமே கேட்டார்.

“டீச்சர், அடுத்தவங்க மனசு மாறுற மாதிரி கருத்து எழுத எப்படிப் பழக்குறது?”

“முதல்ல தன் கருத்தைச் சொல்லணும். ஏன்னு மூணு காரணம் சொல்லணும். வேற மாதிரி நினைக்கிறவங்களுக்கும் ஒரு பதில் வேணும். அவ்வளவுதான் சார்.”

ஜூலையில் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகள் குறைவாக இருப்பதால் பள்ளியை மூடி, மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியோடு சேர்க்க யோசனை. பெற்றோர், மாணவர் கருத்துகளை அனுப்பவும்.

மூடினால் தங்கப்பழத்துக்கு இது நான்காவது மாற்றல். மறுநாள் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து அதையே தலைப்பாகக் கொடுத்தார். ஒன்பது பேர் எழுதினார்கள். எட்டுப் பேர் ‘மூடக் கூடாது’ என்று எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்க அவருக்குத் தெம்பு வந்தது.

ஒன்பதாவது தாள் மகிஷாவுடையது.

‘எங்கள் பள்ளியை மூட வேண்டும். ஐந்தாம் வகுப்பில் நான் ஒருத்திதான். ஓட்டப்பந்தயத்தில் நானே முதல், நானே கடைசி. பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஒரு தோழி இல்லை. சண்டை போடக்கூட என் வயதில் ஆள் இல்லை. அந்தப் பள்ளி தூரம் என்று சிலர் சொல்வார்கள். ஆடு மேய்க்க நான் அதைவிடத் தூரம் போகிறேன்.’

தாளை எடுத்துக்கொண்டு தங்கப்பழம் நேரே நிலோஃபரிடம் போனார்.

“இது அந்தப் பிள்ளை எழுதினதில்லை டீச்சர்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“பத்து வயசுப் பிள்ளைக்கு இந்த வாய் எங்கிருந்து வரும்? அவ தாய்மாமன் பேச்சிமுத்து தனியார் பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுறான். இங்க மூடினா அங்க பிள்ளை சேரும். இதைச் சேர்த்து அனுப்ப வேண்டாம்.”

நிலோஃபர் தாளை ஒருமுறை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“யார் எழுதிக்கொடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க சார். எடுத்துருவோம்.”

அன்று சாயங்காலமே தங்கப்பழம் பேச்சிமுத்துவைப் பிடித்தார். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“உன் அக்கா மகளுக்கு என்னப்பா சொல்லிக்கொடுத்த?”

“நானா? நான் அந்த வீட்டுக்குப் போயி ஆறு மாசம் ஆச்சு சார். அக்காவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஏன், புள்ள எதுவும் தப்புப் பண்ணிட்டாளா?”

பதில் சுலபமாக வந்ததே தங்கப்பழத்துக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தார்.

அங்கிருந்து மகிஷாவின் வீட்டுக்கு நடந்தார். அம்மா முப்பிடாதி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் எழுந்தாள். புகையிலைத்தூள் சிதறியது.

“வீட்டுல உன் மகளுக்கு யாரும்மா எழுத உதவி பண்றது?”

“எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும் சார். அவ அப்பா கேரளாவுல இருக்காரு. ஏன் சார், என்ன எழுதினா? நல்லா எழுதினாளா?”

அவள் முகத்தில் இருந்த ஆசையைத் தங்கப்பழம் பார்த்தார்.

“சும்மா விசாரிச்சேன்,” என்றார்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. மறுநாள் மகிஷாவை முன் பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார். வெள்ளைத் தாளை நீட்டினார்.

“அதையே இப்ப என் முன்னால எழுது.”

“அதையேவா சார்?”

“அதையேதான். பார்க்காம எழுது.”

அவள் பென்சிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். தங்கப்பழத்துக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி எழுந்தது. மாட்டிக்கொண்டாள்.

பிறகு அவள் குனிந்து எழுதினாள். நிறுத்தாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

‘எங்கள் பள்ளியை மூட வேண்டும். நான் எழுதியதை நான் எழுதவில்லை என்று சார் நினைக்கிறார். என் வகுப்பில் இன்னும் நாலு பேர் இருந்தால் யாராவது ஒருத்தி, இவள்தான் எழுதினாள், நான் பார்த்தேன் என்று சொல்லியிருப்பாள்.’

தங்கப்பழம் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

“போம்மா. போயி விளையாடு,” என்றார். யாரோடு விளையாடுவாள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அலுவலக அறைக்குப் போனார்.

“அவளேதான் எழுதியிருக்கா டீச்சர்.”

“சரி சார். மீதி எட்டையும் யார் எழுதினது?”

தங்கப்பழம் சிரித்தார். “அதுல என்ன சந்தேகம்? பிள்ளைகதான்.”

“விசாரிச்சீங்களா?”

அவருடைய சிரிப்பு நின்றது. எட்டுத் தாள்களையும் எடுத்து மேஜையில் பரப்பினார். முதல் தாளில், ‘சார் ரொம்ப தூரத்திலிருந்து வருகிறார், பாவம்’ என்று இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. ஐந்தாவதிலும் இருந்தது. தலைப்பைக் கொடுக்கும்போது தான் எப்படி நின்றோம், என்ன குரலில் பேசினோம் என்று யோசித்தார். அவருக்கு முகம் சுட்டது.

பிற்பகலில் எட்டுப் பேருக்கும் புதுத் தாள் கொடுத்தார்.

“எனக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு பார்க்காதீங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க. நான் வெளிய நிக்கேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் நின்றார். உள்ளே கொஞ்ச நேரம் ஒரே சலசலப்பு. பிறகு சத்தம் அடங்கியது.

இந்த முறை நாலு பேர் மூடக் கூடாது என்றார்கள். மூன்று பேர் மூடலாம் என்றார்கள். ஒருவன், மூடினாலும் மூடாவிட்டாலும் சத்துணவு சமைக்கும் ராசாத்தி அக்கா தான் படிக்கும் பள்ளியில் இருக்க வேண்டும், அதற்கு மூன்று காரணங்கள் என்று எழுதியிருந்தான்.

மகிஷாவின் இரண்டு தாள்களையும் சேர்த்துத் தங்கப்பழம் எல்லாவற்றையும் நிலோஃபரின் மேஜையில் வைத்தார். நிலோஃபர் ஒவ்வொன்றாகப் படித்து, ஒன்றையும் ஒதுக்காமல் உறைக்குள் போட்டார்.

“இதை இப்படியே அனுப்பினா மூடிருவாங்களே டீச்சர்.”

“மூடலாம்.”

“உங்களையும் எங்கயாவது தூக்கிப் போடுவாங்க.”

“போடலாம்.”

“அப்ப நமக்குன்னு ஒரு கருத்து இல்லையா?”

நிலோஃபர் உறையை ஒட்டினார். இழுப்பறையைத் திறந்து இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்தார். ஒன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, மற்றதைத் தங்கப்பழத்தின் பக்கம் தள்ளினார்.

“இருக்கு சார். அதை நம்ம கையெழுத்துல எழுதுவோம்.”