செவலை எழுந்து நின்ற மத்தியானம்

“பாசத்தை விடுறதுக்கு ஒரு வழி சொல்லணும்” என்றார் கொம்பையா.

இசக்கியம்மை முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“யாரு மேல உள்ள பாசம் அண்ணாச்சி?”

“எம்மவ மேல.”

“மவ என்ன செஞ்சா?”

“வராதியன்னு சொல்லிட்டா.”

முறம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி புடைத்தது.

கடலுக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் தேரி என்று ஒன்று கிடக்கிறது. செம்மணல் காடு. காடு என்றுதான் பேர். மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கோடைக் காற்று இந்த மணல்மேட்டைக் கலைத்து அந்த மேட்டைக் கட்டும். மத்தியானத்தில் வெறுங்காலை வைத்தால் கால் நம்முடையதாக இருக்காது.

அதன் ஓரத்தில் ஒரு பனையோலைக் குடில். அதில்தான் இசக்கியம்மை இருந்தார். கொம்பையாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். அதோடு சரி. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு மனசில் முள் தைத்தால் அங்கேதான் போவார்கள்.

கொம்பையாவுக்குத் தைத்த முள்ளின் பெயர் சண்முகவடிவு. ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது நிறைமாசம்.

“அப்படி என்ன சொல்லிட்டேன்? மாடிப்படி ஏறாதன்னேன். மாம்பழம் சூடுன்னேன். ஃபேனுக்கு நேரா படுக்காதன்னேன். வெளிய போயிரக் கூடாதேன்னு கேட்டைப் பூட்டி சாவிய இடுப்புல வச்சிருந்தேன். இது ஒரு குத்தமா?”

“அவ என்ன சொன்னா?”

“அப்பா, எனக்கு மூச்சு முட்டுது. பிள்ளை பிறக்கிற மட்டும் உங்க வீட்டுலயே இருங்கன்னா. அதான், அறுத்துட்டா நிம்மதின்னு வந்துட்டேன். ஒரு மந்திரம், ஒரு மூச்சுப் பயிற்சி, ஏதாவது இருக்குமில்ல?”

“இருக்கும்.”

அம்மை எழுந்து புறவாசலுக்கு நடந்தார். கொம்பையா பின்னாலேயே போனார்.

அங்கே கோழிகள். வேலிக்குள் குடைபோல விரிந்த முள்மரம் ஒன்று, ஓடை மரம். அதன் நிழலில் கழுத்துவரை மணலில் புதைத்த தண்ணீர்ச் சட்டிகள். குடிலின் சுவரை ஒட்டி, ஓலைத் தாழ்வாரத்தின் கீழே ஒரு நார்ப்பெட்டி. அதில் மணல் பரப்பி, மணல்மேல் முட்டைகள், முட்டைகள்மேல் ஒரு செவலைக் கோழி.

“இவ அடைக்கு உக்காந்திருக்கா. குஞ்சு பொரிக்கிற மட்டும் பாத்துக்கிடுங்க. பெறவு நீங்க கேட்டதைப் பேசுவோம்.”

“கோழியவா?”

“கோழியத்தான்.”

*

கொம்பையா வாழ்நாளெல்லாம் மினிபஸ் கண்டக்டராக இருந்தவர். ஆளை அடைப்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. கோழிகளிடமும் அதையேதான் செய்தார்.

“ஏறு ஏறு. உள்ள போ. உள்ளதான் இவ்வளவு எடம் கெடக்கே! ஏளா கறுப்பி, படியில நிக்காத!”

டிக்கெட் மட்டும்தான் கிழிக்கவில்லை.

முதல் வாரம் உச்சிப்பொழுதில் ஒரு கை கம்பை அள்ளிக்கொண்டு போனார். அம்மை கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெயிலுக்கு முந்தி தீனி. வெயில் தாழ்ந்து தீனி. நடுவுல கூடாது.”

“பாவம், பசிக்குமே.”

“இந்த வெயில்ல நீங்க பிரியாணி தின்னுட்டு பஸ்ஸுக்குப் பின்னால ஓடுவியளா? அதுகளுக்குத் தின்னாலே உடம்பு கொதிக்கும்.”

கொம்பையா கம்பை மடியில் கட்டிக்கொண்டார். பொழுது சாயும்வரை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மற்றக் கோழிகள் ஓடை மரத்தடி ஈரமணலில் குழி பறித்துப் படுத்துக் கிடக்கும். செவலை மட்டும் பெட்டியை விட்டு நகர மாட்டாள். காலையில் ஒருதரம் இறங்குவாள். அவதி அவதியாகத் தண்ணீர் குடித்து, நாலு கம்புமணி கொத்தி, மணலில் ஒரு புரள் புரண்டு, ஓடி வந்து ஏறிக்கொள்வாள்.

கொம்பையாவுக்கு அவளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. எதிரிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். தர்பூசணித் தோலை நறுக்கி மூக்குக்கு நேரே நீட்டினார். இறகை நீவிவிட்டார். முட்டை எல்லாம் இருக்கிறதா என்று வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

செவலை கையைக் கொத்தினாள். ரத்தம் வந்தது.

“அவளுக்கு உங்களைப் புடிக்கல” என்றார் அம்மை.

“புடிக்கும், புடிக்கும். பழகணும்லா.”

மறுநாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போய் நீவினார்.

அம்மை துணியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டார்.

*

அப்புறம் ஒரு நாள் காற்று செத்துவிட்டது.

கடல் பக்கமிருந்தும் இல்லை, மேற்கிலிருந்தும் இல்லை. வேலிமேல் உட்கார்ந்திருந்த காக்கை வாயைத் திறந்தபடியே இருந்தது. கரையவும் இல்லை, மூடவும் இல்லை. உச்சி திரும்பியதும் வெயில் தாழ்வாரத்துக்குள் சாய்ந்து, பெட்டியின் விளிம்பை எட்டியது.

கொம்பையா புறவாசலுக்கு வந்தார்.

செவலை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

உட்காரவில்லை. முட்டைகளைத் தொடக்கூட இல்லை. காலை அகட்டி, சிறகைக் கொஞ்சம் விலக்கி, வாயைப் பிளந்துகொண்டு சும்மா நின்றாள். தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“ஏளா, என்ன இப்படி நின்னுட்ட? முட்டை ஆறிப் போயிருமே!”

தேரி கொதிக்கிறது. காக்கை கரைய மறந்திருக்கிறது. கொம்பையாவுக்கு முட்டை ஆறிப் போகுமாம்.

முதுகைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார். கையை எடுத்ததும் எழுந்தாள். மறுபடி அமுக்கினார். மறுபடி எழுந்தாள்.

“உனக்கும் பாசம் விட்டுப் போச்சா?”

கேட்டாரே ஒழிய கை சும்மா இருக்கவில்லை. மூலையில் கிடந்த பஞ்சாரத்தைத் தூக்கி வந்தார். கோழியைக் கவிழ்த்து மூடும் பிரம்புக் கூடைதான். அதைப் பெட்டியோடு சேர்த்துக் கவிழ்த்தார். எழுந்து நிற்க உள்ளே உயரம் இல்லை. கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பஞ்சாரத்தை இடுக்கில்லாமல் போர்த்தினார். மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

ரைட் கொடுத்துவிட்ட திருப்தி அவருக்கு.

உள்ளே போய் அம்மையிடம் சொன்னார். “எந்திரிச்சு ஓடப் பாத்தா. நான் விடுவேனா? ஈரச்சாக்குப் போட்டு நல்லா இறுக்க மூடிட்டேன்.”

அம்மை ஓடியதை அன்றுதான் அவர் பார்த்தார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

கல் ஒரு பக்கம் போய் விழுந்தது, சாக்கு ஒரு பக்கம். பஞ்சாரத்தைத் தூக்கியதும் உலைமூடியைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. செவலை முட்டைகள்மேல் சரிந்து கிடந்தாள். கழுத்து தொங்கியது. கண்ணில் பாதி வெள்ளையாக இருந்தது.

“அம்மா...” என்றார் கொம்பையா.

அம்மை கோழியை அள்ளிக்கொண்டு ஓடை மரத்தடிக்குப் போனார். தண்ணீர்ச் சட்டியில் அவள் கால்களை முக்கிப் பிடித்துக்கொண்டார். விரலால் கொண்டையில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டார். அங்கிருந்தபடியே சொன்னார்:

“அண்ணாச்சி, பெட்டிகிட்டப் போயி நில்லுங்க. உங்க நிழலு முட்டை மேல விழணும்.”

கொம்பையா போய் நின்றார்.

“பெட்டியத் தூக்கி உள்ள வச்சிருவோமே?”

“எடம் மாறுனா அவ திரும்ப ஏற மாட்டா. நில்லுங்க.”

கோடு போட்டதுபோல வெயில் ஒரு முட்டைமேல் ஏறியது. கொம்பையா காலை அகட்டினார். இன்னொரு முட்டையின் ஓரம் மினுங்கியது. கையைக் கொஞ்சம் விலக்கினார். பிடரி தீய்ந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

சூடு எவ்வளவு ஏறியிருக்கிறதோ என்று ஒரு முட்டையைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தார்.

“தொடாதிய.”

நிமிர்ந்தார். வியர்வை மூக்கு நுனியில் திரண்டு சொட்டியது.

“ஒண்ணே ஒண்ணை மட்டும்...”

“தொடாதிய அண்ணாச்சி.”

நேரம் போனது. தேரியில் எதுவும் அசையவில்லை. இது தண்டனை என்று கொம்பையா நினைத்துக்கொண்டார். தண்டனையென்றால் நியாயம்தான்.

“அம்மா, கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. நான் இப்ப என்னதான் செஞ்சுக்கிட்டிருக்கேன்?”

“அவ செஞ்சுக்கிட்டிருந்ததைத்தான்.”

கொம்பையா குனிந்து தன் காலைப் பார்த்தார். அகட்டிய கால். விலகிய கை. பிளந்த வாய். தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் முட்டைகள் நிழலில் சாதுவாகக் கிடந்தன.

அவர் கண்ணிலிருந்து ஒழுகியதை வியர்வை என்றே வைத்துக்கொள்வோம்.

*

ஓடை மரத்தடியில் ஒரு சிறகு அசைந்தது. இன்னொன்றும் அசைந்தது. அம்மையின் கையிலிருந்து செவலை நழுவி இறங்கினாள். தள்ளாடித் தள்ளாடி வந்தாள். குறுக்கே நின்ற கொம்பையாவின் கணுக்காலில் ஒரு கொத்து.

“கொத்து தாயி. நல்லாக் கொத்து.”

அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து பெட்டியில் ஏறினாள். முட்டைகளை அலகால் ஒருதரம் தள்ளிச் சரிபார்த்தாள். சிறகை விலக்கி எழுந்து நின்றாள்.

வெயிலுக்குக் கீழே கொம்பையா. கொம்பையாவுக்குக் கீழே செவலை. செவலைக்குக் கீழே முட்டைகள்.

பொழுது சாய்ந்து அவள் தானாகவே உட்காரும்வரை அவரும் நின்றார்.

அன்றைக்கு அம்மைதான் மோர் கலக்கிக் கொண்டுவந்தார்.

“பாசத்தை விடுறதுக்கு வழி கேட்டிய.”

“குஞ்சு பொரிக்கட்டும்மா” என்றார் கொம்பையா, செம்பிலிருந்து வாயை எடுக்காமல்.

*

ஒரு முட்டை கூமுட்டையாகப் போயிற்று. மற்றவையெல்லாம் பொரிந்தன.

குஞ்சுகள் பெட்டியை விட்டு இறங்கிய அன்று மருமகன் போன் பண்ணினான். பெண் குழந்தை. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்களாம். வடிவு அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறாளாம்.

கொம்பையா பையை எடுத்துக்கொண்டு அம்மை முன்னால் வந்து நின்றார்.

“கூப்பிட்டாளா?” என்றார் அம்மை.

“கூப்பிட்டா.”

“அப்ப என்ன நிக்கிய? போங்க.”

“மந்திரம் எதுவும்...?”

அம்மை முறத்தை எடுத்துக்கொண்டு கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

*

தூத்துக்குடி வீட்டில் ஒரே கூட்டம். சம்பந்தியம்மாள், அத்தைகள், அடுத்த வீட்டுக்காரிகள். பிள்ளைக்கு வசம்பு கட்டு, கட்டாதே. தலையைத் தட்டிவிடு, தொடவே தொடாதே. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த வடிவு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே கொஞ்சம் சுருங்கியது. இவரும் என்னவெல்லாம் சொல்லப் போகிறாரோ?

கொம்பையா ஒன்றும் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். கை தானாக நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றது.

ஜன்னல் திரையைத் துவைக்கப் போட்டிருந்தார்கள். மேற்கு வெயில் உள்ளே விழுந்து, தொட்டில் துணியில் பாதியை எட்டியிருந்தது.

கொம்பையா மெல்ல நடந்து போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். காலைக் கொஞ்சம் அகட்டினார். கையைக் கொஞ்சம் விலக்கினார்.

தொட்டில் நிழலாயிற்று.

“என்னப்பா, அங்கன போயி நின்னுட்டிய?” என்றாள் வடிவு. “வாங்க. வந்து பிள்ளையத் தூக்குங்க.”

“தூக்குதேன் தாயி” என்றார் கொம்பையா. “வெயில் தாழட்டும்.”