எட்டுப் பல்லுக்கு மேலே

நல்லசிவம் வாத்தியார் முப்பத்து நாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அத்தனை வருஷத்திலும் அவர் வாயிலிருந்து அதிகமாக வந்தது ஒரே ஒரு வாசகம்தான். "நீயெல்லாம் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு." அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இன்று உத்தியோகத்தில் இருக்கிறார்கள். வாத்தியார் சொல்லைத் தட்டாமல் ஆடு மேய்க்கப் போனவள் தங்காயி ஒருத்திதான்.

ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, ஐப்பசி மாதத்தில் ஒருநாள், வாத்தியார் அவளுடைய ஆட்டுப்பட்டிக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அட, சாருங்களா! செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்க. உள்ளே பூராவும் புழுக்கை."

"இருக்கட்டும் அம்மணி. ஒரு சந்தேகம் கேக்கணும்."

தங்காயிக்கு நாற்பது வயது. அவள் சிரிப்பை அடக்குவது வாத்தியாருக்குத் தெரிந்தது. அப்போதுதான் தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும் கவனித்தார்.

"கேளுங்க சார்."

"ஒரு ஆடு எத்தனை வருஷம் உசுரோட இருக்கும்?"

சும்மா கேட்ட கேள்வி இல்லை அது. வாத்தியார் வீட்டில் ஒரே ஒரு வெள்ளாடு உண்டு. பெயர் சிட்டு, வயது ஒன்பது. பாலுக்கென்று வாங்கியது, வாத்தியாரின் மனைவி சாரதாமணிக்குப் பேச்சுத் துணையாகிவிட்டது. வாத்தியாரிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அவள் அதிகம் பேசுவாள். அதற்கு இப்போது முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. மேயப் போனால் அரை வயிற்றோடு திரும்பி வந்தது.

ஆட்டுத் தரகு பார்க்கும் அங்கப்பன் வாசலில் வந்து பார்த்துவிட்டு, "தை முடியறதுக்குள்ள கொடுத்துருங்க. அப்புறம் எலும்புதான் மிஞ்சும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சாரதாமணிக்கு இரண்டு மனசு. "கசாப்புக்கு அனுப்பவும் மனசு வரலை, கண்ணு முன்னால எளைச்சுச் சாகறதைப் பாக்கவும் தெம்பு இல்லை. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாத்தியாருக்கு ஒரு எண் கிடைத்தால் போதும். ஒரு வருஷம்தான் என்றால் கொடுத்துவிடலாம். ஐந்து வருஷம் என்றால் வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றில் பத்து என்று போட்டிருந்தது, இன்னொன்றில் பதினெட்டு என்று இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் சிட்டுவின் கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியார் இதையெல்லாம் சொல்ல, தங்காயி கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒரு ஆட்டை இழுத்து, கீழுதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள்.

"பாருங்க. ரெண்டு பல்லு போட்டா ஒரு வயசு தாண்டியாச்சு. நாலு பல்லுன்னா ரெண்டு. ஆறு பல்லு மூணு. எட்டும் போட்டுட்டா நாலு."

"எட்டுக்கு மேலே?"

"எட்டுக்கு மேல சொல்றதுக்கு எங்ககிட்ட வார்த்தை இல்லீங்க சார்."

"ஏன் இல்லை?"

"அதுக்கு மேல வெச்சிருந்து பாத்தவங்க ரொம்பக் கொறைவு."

"நீ வெச்சிருக்கியா?"

அவள் பட்டிக்கு நடுவே கால் மடக்கி அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு காயடித்த கிடாயைக் காட்டினாள். "இது எம் மூத்த புள்ள பொறந்த வருஷம் பொறந்துது. அவ இப்ப ஒம்பதாவது படிக்கிறா."

வாத்தியார் மனசுக்குள் கூட்டினார். பதினாலு.

"அப்போ பதினாலுன்னு வெச்சுக்கலாமா?"

"அவசரப்படாதீங்க சார். நாளையிலிருந்து என்கூட மேய்ச்சலுக்கு வாங்க. தையில சொல்றேன்."

மறுநாள் விடியும்போதே தடியோடு வந்து நின்றார். ஆடுகள் பட்டிக்குள் கத்திக்கொண்டிருந்தன. தங்காயி அசையவில்லை. வெயில் ஏறி, புல்லின் ஈரம் காயும்வரை படலைத் திறக்கவே இல்லை.

"பாவம், பசிக்குதே" என்றார் வாத்தியார்.

"ஈரத்தோட புல்லைத் தின்னா வயித்துல புழு போயிரும். பசி ரெண்டு மணி நேரம். புழு ரெண்டு மாசத்துல ஆளைக் கொண்டு போயிரும்."

வாத்தியார் ஒன்பது வருஷமாக விடியற்காலையிலேயே சிட்டுவைப் புல்லில் கட்டிக்கொண்டிருந்தார். சுறுசுறுப்பு என்று அதற்குப் பெருமை வேறு.

முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஆடுகள் கலைந்து மேய்ந்தன. மழைக்காலம் என்பதால் கிடாய் ஒன்று பெட்டைகளின் பின்னால் அலைந்துகொண்டிருந்தது. நாற்றம் பத்தடி தூரத்துக்கு அடித்தது. ஒரு வாய் தழைகூடக் கடிக்கவில்லை அது.

"இது எத்தனை வருஷம் இருக்கும்?"

"ஏழு தாண்டினா அதிசயம். சீசன் வந்தா சோறு தண்ணி மறந்துருது."

"காயடிச்சதுக்கு?"

"அதுக்கென்னங்க, திங்கறது ஒண்ணுதான் சோலி."

வாத்தியார் சத்தமாகச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தங்காயியும் சிரித்தாள்.

இன்னொரு நாள் அவள் ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். வளர்ந்து மடங்கிய குளம்போடு ஆடு தூரம் நடக்காது, நடக்காத ஆடு நல்ல தழையை எட்டாது. அவர் கேட்காமலே அதைச் சொன்னாள். அவரும் ஒரு கத்தி வாங்கி வந்து சிட்டுவின் குளம்பைச் சீவினார். நாலு காலுக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. சாரதாமணி தலையைப் பிடித்துக்கொண்டு, கதை சொல்லி, ஆட்டைச் சமாதானப்படுத்தினாள்.

கார்த்திகையில் அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. சிட்டுவின் பெருமையைச் சொன்னார்.

"எங்க சிட்டு லேசுப்பட்டதில்லை அம்மணி. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து கூடப் போட்டிருக்கு. மொத்தம் பன்னெண்டு ஈத்து."

தங்காயி கையிலிருந்த தழையைக் கீழே வைத்தாள்.

"உங்க வீட்டம்மாவுக்கு எத்தனை குழந்தைங்க சார்?"

"ரெண்டு. உனக்குத் தெரியாதா?"

"ரெண்டு பெத்ததுக்கே அவங்க முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாங்க."

வாத்தியார் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பன்னிரண்டு என்ற எண்ணையே நினைத்துக்கொண்டு போனார். அவ்வளவு வெட்கமாக இருந்தது அவருக்கு.

தை பிறந்தது. பட்டிப் பொங்கலன்று சாயங்காலம் சாரதாமணி சிட்டுவின் கொம்புக்கு மஞ்சள் பூசினாள், கழுத்தில் ஆவாரம்பூ மாலை போட்டாள். வாத்தியார் பொங்கலில் நெய்யும் வெல்லமும் தாராளமாகப் போடச் சொன்னார். செய்த பாவத்துக்கெல்லாம் பரிகாரம்போல, பல் போன ஆட்டுக்குத் தன் கையாலேயே ஊட்டினார். பொங்கலை மெல்ல வேண்டியதில்லை, அப்படியே இறங்கியது. சிட்டு ஆசையாகத் தின்றது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. சாரதாமணி போதும் என்றபோது, "வருஷத்துக்கு ஒருநாள்" என்று மூன்றாவது தட்டையும் வைத்தார்.

அரை மணி நேரத்தில் சிட்டு படுத்தது. இடது வயிறு மத்தளமாகப் புடைத்தது. பல்லைக் கடித்தது, வாயில் எச்சில் ஒழுகியது, கண் மேலே சொருகியது.

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அறுபத்து மூன்று வயதில் அவர் அப்படி ஓடியதை ஊரே பார்த்தது.

தங்காயி வந்ததும் பொங்கல் தட்டைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"டாக்டருக்குப் போன் போட்டுட்டேன். வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நாம பாத்துக்கலாம். அம்மா, சோடா உப்பைத் தண்ணியில கரைச்சுக் கொண்டாங்க."

சிட்டுவை எழுப்பி, முன்கால் இரண்டையும் வாசல்படிமேல் தூக்கி வைத்தாள். வாயில் குறுக்காக ஒரு வேப்பங்குச்சியைக் கொடுத்துக் கட்டினாள்.

"குச்சி எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"மென்னுக்கிட்டே இருந்தா ஏப்பம் வரும். நீங்க வயித்தைத் தேய்ங்க. எடது பக்கம். அழுத்தி."

சோடா உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். வாத்தியார் உதவி செய்வதாக நினைத்து ஆட்டின் தலையை மேலே தூக்கினார்.

"தலையைத் தூக்காதீங்க சார்! புரையேறி நுரையீரலுக்குள்ள போயிரும்."

முப்பத்து நாலு வருஷம் அதட்டியவர், அந்த அதட்டலுக்குச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் மண்டியிட்டு உட்கார்ந்து வயிற்றைத் தேய்த்தார். தோள் கடுத்தது, நிறுத்தவில்லை. சாரதாமணி சிட்டுவின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நாந்தான் கொன்னுட்டேன்" என்றார் வாத்தியார். அழுகை வந்துவிட்டது.

"இன்னும் இல்லீங்க. தேய்ங்க."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஏப்பம் வந்தது. புளித்த வாடை. பிறகு இன்னொன்று. அந்த நாற்றத்தைப்போல ஒரு நல்ல வாசனையை வாத்தியார் அதுவரை முகர்ந்ததில்லை.

டாக்டர் வந்து ஊசி போட்டார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "நேரத்துக்குச் செஞ்சிருக்கீங்க. மூணு நாளைக்கு வெறும் காஞ்ச சோளத்தட்டு, தண்ணி. அரிசிச் சோத்தை இதுக்குக் கண்ணுலயே காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து, தை முடிவதற்குள் என்று சொன்ன சொல் மாறாமல், அங்கப்பன் கயிற்றோடு வந்து வாசலில் நின்றான். சிட்டு முன்பைவிட இளைத்திருந்தது. அங்கப்பன் அதன் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தான்.

"நான்தான் அப்பவே சொன்னேனுங்களே. இன்னைக்கு விட்டா நான் வர மாட்டேன். என்னங்க சொல்றீங்க?"

சாரதாமணி உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் அவள் நின்று கேட்பது வாத்தியாருக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் பொறு" என்றார்.

தங்காயி தழைக்கட்டோடு வந்து சேர்ந்தாள். அகத்தியும் வேலிமசாலும் கலந்த கட்டு. அங்கப்பனைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை.

"அம்மணி, தையில சொல்றேன்னு சொன்னே. மூணு மாசம் உன் பின்னாலேயே நடந்தேன். பனி, புழு, குளம்பு, ஈத்து, எல்லாம் பாத்தாச்சு. என் முட்டாள்தனத்தையும் பாத்தாச்சு. இப்பச் சொல்லு. அவன் வாசல்ல நிக்கறான். இந்த ஆடு இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்?"

தங்காயி ஒரு கட்டையை இழுத்துப் போட்டாள். கொடுவாளை எடுத்து, தழையை நறுக்கத் தொடங்கினாள். காம்பை ஒதுக்கி, இலையைப் பொடிப்பொடியாக, விரல்கணு அளவுக்கு. ஒரு கூடை நிறைந்ததும் சிட்டுவின் முன்னால் வைத்தாள். சிட்டு முகர்ந்தது. பிறகு தலையைக் கூடைக்குள் விட்டது. கடைவாயால் நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. கூடை காலியாகும்வரை தலையை எடுக்கவே இல்லை.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்காயி எழுந்து, கொடுவாளின் பிடியை வாத்தியார் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"முன்பல்லு போன ஆடு தானா கடிச்சுத் திங்காதுங்க சார். காலையில ஒரு கூடை, சாயங்காலம் ஒரு கூடை நறுக்கி வெக்கணும். மழை பேஞ்சாலும் வெக்கணும், உங்களுக்குக் காச்சல் அடிச்சாலும் வெக்கணும். நீங்க எத்தனை வருஷம் நறுக்குவீங்கன்னு சொல்லுங்க. ஆடு எத்தனை வருஷம் இருக்கும்னு நான் சொல்றேன்."