ஆடிட்டரின் மோதிரம்

"மூணு வழி இருக்கு சாமி. எது சரின்னு நீங்கதான் சொல்லணும்."

வந்ததும் வராததுமாக ஆடிட்டர் செண்பகராமன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

மலையடிவாரத்து மடம். மடத்துச் சாமி ஒரு பெண். ஆடிட்டரைவிடப் பத்து வயதாவது இளையவர். எடுத்ததற்கெல்லாம் வள்ளென்று விழுவார். அதனால் அங்கே கூட்டம் சேர்வதில்லை. வேறு போக்கிடம் இல்லாதவர்கள்தான் வருவார்கள்.

சாமி அரிவாள்மணையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். மடத்தில் சமைக்கும் மருதாயி அடுப்படியில் இருந்தாள்.

"எதுக்கு வழி?" என்றார் சாமி.

"எங்கம்மாவுக்குச் சாமி. எழுபத்தெட்டு வயசு. இனி தனியா விட முடியாது. ஆள் வச்சுப் பார்க்கணும், இல்லைன்னா முதியோர் இல்லத்துல சேர்க்கணும். ரெண்டுக்கும் செலவு எக்கச்சக்கம்."

"சரி."

"முதல் வழி, நாங்க மூணு பிள்ளைங்களும் பங்கு போட்டுக் கட்டுறது. தங்கச்சி மூக்கால அழுறா. தம்பி தரேங்கிறான், போனை எடுக்க மாட்டேங்கிறான். எல்லாம் என் தலையில வந்து விடியும்."

ஆடிட்டரின் குரல் ஏறியது. அந்தக் கோபத்தில் பொய் இல்லை.

"ரெண்டாவது, அம்மா பேர்ல இருக்கிற வீட்டை பேங்க்ல வச்சா மாசாமாசம் பணம் தருவாங்க. அம்மா கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கலாம். ஆனா எங்களுக்கு வீடு மிஞ்சாது. மூணாவது, இப்பவே வீட்டை வித்து இல்லத்துல கட்டிடறது. அவ்வளவு பெரிய வீடு அவங்களுக்கு எதுக்கு சாமி? இன்னும் எத்தனை நாள் இருக்கப்போறாங்க?"

டொக், டொக் என்று ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

சாமி அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார். "அது என்ன?"

"அம்மாதான். கார்ல இருக்காங்க. இறங்கி எங்கயாவது போயிடுவாங்கன்னு பூட்டிட்டு வந்தேன். ஏசி ஓடுது, சொகுசாத்தான் இருக்காங்க. சும்மா சும்மா தட்டிக்கிட்டேதான் இருப்பாங்க."

"எங்க கூட்டிட்டுப் போற?"

"இங்கேருந்து நேரா இல்லத்துக்கு. இன்னைக்கே முன்பணம் கட்டினாத்தான் இடமாம். கோயிலுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

சாமியின் முகம் சிவந்தது. மருதாயி அகப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். சாமி அடுத்து எதைத் தூக்கி எறிவாரோ என்று அவளுக்குப் பயம்.

சாமி எதையும் எறியவில்லை. ஆடிட்டரை விட்டுவிட்டு மருதாயி பக்கம் திரும்பினார்.

"மருதாயி, இந்த ஆளை எங்க போடலாம்?"

மருதாயி திருதிருவென்று விழித்தாள். "யாரை சாமி?"

"இந்தா நிக்கிறானே, இவனைத்தான். மாட்டுக் கொட்டகையா, விறகு அறையா?"

"விறகு அறை ஒழுகுதே சாமி."

"ஒழுகினா என்ன? இவனுக்கு அதெல்லாம் தெரியவா போகுது? சோத்துச் செலவுக்கு என்ன பண்றது?"

ஆடிட்டர் சிரிக்கப் பார்த்தார். "சாமி, நான் தங்க வரலையே..."

"பேச்சு வளருது பார். வயசானா இப்படித்தான்." சாமி எழுந்து வந்து ஆடிட்டரின் கையைப் பிடித்தார். "நல்ல கனமான மோதிரம். கழட்டி வித்துடுவோம். இவனுக்கு எதுக்கு மோதிரம்? இன்னும் எத்தனை நாள் போட்டுக்கப்போறான்? மருதாயி, சோப்பு கொண்டா."

மருதாயி நிஜமாகவே சோப்பு எடுத்து வந்தாள். விரலில் சோப்பைத் தடவி, சாமி மோதிரத்தைத் திருகினார். அது விரல் முட்டி வரைக்கும் வந்துவிட்டது.

"விடுங்க!" ஆடிட்டர் கையை உதறினார். "என்ன நினைச்சுட்டிருக்கீங்க? குத்துக்கல்லாட்டம் எதிர்லயே நிக்கிறேன். என் மோதிரத்தை விக்க என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

சாமி போய் அரிவாள்மணை முன் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பூசணிக்காயை அரியத் தொடங்கினார்.

டொக், டொக்.

ஆடிட்டர் சோப்புக் கையோடு நின்றார். பிறகு நடந்தார். பாதி தூரத்தில் ஓடத் தொடங்கினார்.

கார்க் கதவைத் திறந்தார். உள்ளே அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நெருப்பு.

"அம்மா, நீ என்னம்மா சொல்ற?"

"குளிருதுடா பாவி. அதைச் சொல்லத்தான் அப்பலேருந்து தட்டுறேன்."