சத்தம் கேட்டால் அமுக்கவும்

ஒருவருக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். நீங்கள் யாரைக் கேட்பீர்கள்?

இனியன் மெஷினைக் கேட்டான்.

அவன் டாக்டர் செங்கமலத்திடம் காது அறுவைச் சிகிச்சை படிக்கிறவன். செவிப்பறையில் ஓட்டை விழுந்தவர்களுக்கு மெல்லிய சவ்வு வைத்து அடைத்தபின் காது எவ்வளவு தெளிகிறது என்பது அவன் ஆராய்ச்சி. அன்று மேடத்தின் அறைக்குள் வந்தபோது அவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"மேடம், பாவாயி அக்கா கேஸ் தோத்துப் போச்சு."

"எந்தப் பாவாயி?"

"பள்ளிபாளையம். தறி ஓட்டுறவங்க. இடது காது நீங்க பண்ணினது. சவ்வு அருமையா ஒட்டியிருக்கு. ஆனா கேக்கலை. ஆபரேஷனுக்கு முந்தி இருந்ததைவிட மோசம்."

"டெஸ்ட் எடுத்தது யாரு?"

"முந்தி எடுத்தது இந்திரா சிஸ்டர். அவங்க பிரசவ லீவுல இருக்காங்க. இப்ப நானே ஹெட்போன் மாட்டி, பட்டனைக் கையில குடுத்து எடுத்தேன். சந்தேகம் வந்து மறுபடியும் எடுத்தேன். அதேதான்."

"பாவாயி என்ன சொல்றாங்க?"

"நல்லா கேக்குதுன்னுதான் சொல்றாங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க, பாவம். உள்ளே எலும்பு ஏதாவது நகர்ந்திருக்கும். வியாழக்கிழமை திறந்து பார்த்துடலாமா மேடம்? அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

செங்கமலம் பேனாவை மூடினார். "வா."

வெளியே பெஞ்சில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். டெஸ்ட்டுக்காகக் கழற்றிய கம்மலைப் போட்டுக்கொண்டு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"மறுக்கா கத்தி வேண்டாங்கம்மா. போன தடவ தலையில கட்டோட கெடந்தப்ப எம்புள்ள பயந்து பக்கத்துலயே வரல. எனக்கு நல்லாத்தான் கேக்குதுங்க."

செங்கமலம் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். வலது காதில் வேறெதுவும் விழாதபடி அதை விரலால் அடைத்து, லேசாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இடது பக்கம் குனிந்து, மூச்சுக்காற்று மாதிரி சொன்னார்.

"திருகாணி கழண்டிருக்கு."

பாவாயியின் கை பறந்து போய்க் கம்மலைப் பிடித்தது.

"இல்லீங்களே! இப்பத்தானுங்க முடுக்குனேன்!"

இனியன் திறந்த வாயை மூடவில்லை.

"இது கேக்குதுன்னா உள்ளே பட்டனை ஏன் மேடம் அமுக்கலை?"

"என்னை எதுக்குக் கேக்கறே?"

இனியன் பாவாயியின் காதோரம் குனிந்து, காலையிலிருந்து பேசிய அதே குரலில் கத்தினான்.

"அக்கா! சத்தம் கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னேன்ல? ஏன் அமுக்கலை?"

பெஞ்சின் அந்தக் கோடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அலறி எழுந்தது.

"சத்தம் கேட்டப்ப அமுக்கினனுங்களே."

"அதுக்கு முந்தி ஒண்ணுமே கேக்கலையா?"

"முந்தியா? கொசுவாட்டம் கீன்னு என்னமோ வந்துச்சுங்க. அப்பறம் கொஞ்சம் பெருசா வந்துச்சு."

"அப்பவே அமுக்க வேண்டியதுதானே!"

"அதெல்லாம் ஒரு சத்தமாங்க?" பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் தறிக்குடோன்ல நிக்கறவ. ஒரு நாளைக்கு வந்து பாருங்க, சத்தம்னா என்னன்னு தெரியும்."

செங்கமலமும் சிரித்தார். இனியனுக்குச் சிரிக்க வரவில்லை.

"அப்ப வியாழக்கிழமைங்கம்மா?" என்றாள் பாவாயி.

"வியாழக்கிழமை நீங்க தறிக்குப் போங்க. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் போங்க."

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனியன் மெதுவாகக் கேட்டான்.

"மேடம், என் ஆராய்ச்சியில இருக்கிற மத்தவங்களையும் திரும்பக் கூப்பிடணுமா?"

"அவங்களுக்கும் 'சத்தம் கேட்டா'ன்னுதான் சொன்னியா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப கூப்பிடு. அதுக்கு முந்தி, எப்படிச் சொன்னா புரியும்னு இவங்ககிட்டக் கேட்டுக்கோ."

இனியன் திரும்பினான். குனிந்தான். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

பாவாயி அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தாள்.

"தம்பி, ஒரே ஒரு ஒதவி. இனிமே எங்கிட்டப் பேசறப்ப சத்தம் போடாதீங்க."