பாவாயி சைக்கிளேறி அண்ணனைக் கூப்பிடப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு சைக்கிள்காரி இருந்தாளாம். பேரு பாவாயி. குறுக்குக்கம்பி வெச்ச பெரிய சைக்கிளு அவளுது. சேலையை வரிஞ்சு கட்டி ஒரு எம்பு எம்புனான்னா, கிர்ர்ருன்னு கிளம்பிரும். அந்த மாதிரி ஒரு பொம்பளையை நான் பார்த்ததே இல்லை கண்ணு. எங்க, ம் கொட்டு பாக்கலாம். நீ ம் கொட்டாட்டி சைக்கிளு நகராது, சொல்லிப்புட்டேன்.

"ம்."

ஆ, அப்படி. அந்தப் பாவாயிக்கு ஒரு மக. மயிலுன்னு பேரு. மயிலுக்குக் காது குத்தோணும். காது குத்தறதுன்னா சும்மாவா? தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். மாமன் வரலைன்னா, ஊரே வந்து உக்காந்திருந்தாலும் அந்த விசேஷம் விசேஷமே இல்லை. மயிலுக்கு ஒரே மாமன், பாவாயியோட அண்ணன் செங்கோடன். அவனோ தங்கச்சிகூடப் பேசறதே இல்லை.

"ஏன் பேசறதில்லை?"

அதைச் சொல்லத்தானே வர்றேன், அதுக்குள்ள அவசரம். செங்கோடன் புது வூடு கட்டிப் பால் காய்ச்சுனான். தங்கச்சியை நேர்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடாம, சந்தைக்குப் போற ஒருத்தர்கிட்ட சொல்லி அனுப்பிட்டான். பாவாயிக்கு மூக்கு மேல கோவம். "நான் என்ன வழிப்போக்கியா? ஆள் விட்டுச் சொன்னா நான் வருவேனா?"ன்னு போகவே இல்லை. அவ போகலைன்னு அண்ணனுக்குக் கோவம். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததாச்சே, எது விட்டுக்குடுக்கும்?

இப்போ காதுகுத்துக்கு இன்னும் மூணே நாளு. பாவாயியோட வூட்டுக்காரன் சொன்னான், "நானும் கூட வரட்டுமா?"

"வேண்டாம். நீ வந்தா அது நீ கூப்பிட்டதா ஆயிரும். நாந்தான் போகோணும்"னு சொல்லிட்டா. அண்ணன் ஊருக்கு பஸ்ஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மேடும் பள்ளமுமா வண்டித்தடம்தான். அப்புறம் பாவாயி என்ன பண்ணுனா? வெத்தலை பாக்கு மூணு பொட்டலம் கட்டுனா. அண்ணனுக்கு ஒண்ணு, அண்ணிக்கு ஒண்ணு, அண்ணியோட அப்பாரு அங்கயே இருக்கறாரு, அவருக்கு ஒண்ணு. மூணையும் மஞ்சப்பையில போட்டு ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டா. வெடியால வெள்ளெனக் கிளம்பிட்டா. டிரிங் டிரிங்!

"ம்."

அந்தத் தடம் இருக்குதே, அதைப் பார்க்கறதுக்கே நூறு தடவை போகலாம் கண்ணு. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேயற கொறங்காடு. செம்மண்ணு பொட்டுப் பொட்டா நனைஞ்சு கெடக்குது. மேட்டு மேல ஏறுனா தூரத்துல பனைமரமும் கோயில் கோபுரமும் தெரியும். எறங்குனா ஒண்ணும் தெரியாது, மாட்டுச் சலங்கைச் சத்தம் மட்டும் கேக்கும். மறுபடி ஏறுனா இன்னொரு ஊரு. எறக்கத்துல பாவாயி மிதிக்கறதை விட்டுட்டு காலைத் தூக்கிக்கிட்டா. விர்ர்ர்ருன்னு போகுது! "அண்ணன் வூட்டுக்குப் போகாம இருந்ததுல இத்தனையும் பார்க்காம விட்டுட்டமே"ன்னு அவளே நெனச்சுக்கிட்டா.

அப்போ ஒரு பெரிய மேடு வந்துச்சு. மூச்சைப் பிடிச்சு மிதிக்கறா, மிதிக்கறா, பாதி மேட்டுல கடக்குன்னு ஒரு சத்தம். செயின் கழண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. இழுத்தாலும் வரலை, தள்ளுனாலும் வரலை. கையெல்லாம் கருப்பு. அந்தக் காட்டுல ஆடு மேய்ச்சுட்டு இருந்தாரு ஒரு வயசான அப்பாரு, ராக்கியப்பன்னு பேரு. துரட்டிக் கோலை எடுத்துட்டு வந்து, அதோட கொக்கியைச் செயினுக்குள்ள விட்டு ஒரு நெம்பு நெம்புனாரு. டபக்குன்னு வந்துருச்சு.

"எங்கம்மிணி தனியா?"ன்னு கேட்டாரு.

"என்ற மகளுக்குக் காதுகுத்துங்க. அண்ணனைக் கூப்பிடப் போறனுங்க."

"நல்லாயிருக்கட்டும் சாமி"ன்னாரு. அவ்வளவு உதவி பண்ணுன மனுசன்கிட்ட காதுகுத்துன்னு சொல்லிட்டு, கூப்பிடாமப் போறது எப்படி? வெத்தலை பாக்கு வெக்காம வாயால கூப்பிட்டா அது கூப்பிட்டதா ஆகுமா? பாவாயி பையில கைய விட்டா. அண்ணியோட அப்பாருக்குன்னு கட்டுன பொட்டலத்தை எடுத்து, "நீங்களும் வந்துரோணும்"னு அவர் கையில குடுத்துட்டா. "அண்ணியோட அப்பாரு வயசானவரு, வாயால சொன்னா ஏத்துக்குவாரு"ன்னு மனசைத் தேத்திக்கிட்டா.

"ம்."

அப்புறம் மிதிச்சா. ஆனி மாசம் கண்ணு, காத்து எப்படி அடிக்கும் தெரியுமா? எதுத்தாப்புல உய்ய்ய்ய்னு வந்து நெஞ்சுல கைய வெச்சுத் தள்ளுது. முந்தானை படபடன்னு அடிக்குது. நாலு மிதி மிதிச்சா ரெண்டு மிதி தூரம்தான் போகுது. அப்படியே மல்லுக்கட்டிக்கிட்டு ஒரு நெசவுக்காரங்க ஊருக்குள்ள நுழைஞ்சா. அந்த ஊர்த் தெருவுல நீளத்துக்குப் பாவு போட்டிருக்கறாங்க. பாவுன்னா தறியில ஏத்தறதுக்கு முந்தி நூலையெல்லாம் தெருவுல இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வெப்பாங்க. பச்சையும் செவப்புமா ஆயிரம் நூலு, வெயில்ல மின்னுது. அடடா, கோயில் தேருக்குக் கட்டுன தோரணம் தோத்துப் போகும்.

பாவாயி ஓரமா ஒதுங்கிப் போறா. அப்போ பாரு, காத்து திடீர்னு திரும்பி ஒரு தள்ளு! சைக்கிளு நேரா பாவைப் பாத்துப் போகுது. பிரேக் பிடிக்கறா, நிக்கலை. வூட்டுக்குள்ள இருந்து பொம்பளைங்க "ஐயோ, பாவு! பாவு!"ன்னு கத்தறாங்க. அது மேல சக்கரம் ஏறுனா அந்தக் குடும்பத்தோட மாசத்துப் பாடு போச்சு. பாவாயி யோசிக்கவே இல்லை. ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் ஒடிச்சு, சடார்னு சாக்கடையோரம் விழுந்தா. தொப்!

"அடிபட்டுச்சா?"

பட்டுச்சு. முட்டி பேந்து ரத்தம். ஆனா ஒரு நூலு அறுகலை. எப்பேர்ப்பட்ட பொம்பளை பாரு! பொன்னுருவின்னு ஒரு நெசவுக்காரம்மா ஓடி வந்து தூக்கி உக்கார வெச்சு, மஞ்சப்பொடி அப்பி, "எங்க பாவுக்காக உன்ற காலைக் குடுத்தியே தாயி"ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டா. கம்மங்கூழு ஒரு சொம்பு குடிக்க வெச்சுத்தான் விட்டா. அப்புறம் அவளைக் கூப்பிடாம வர முடியுமா? அண்ணிக்குன்னு கட்டுன பொட்டலம் அவ கைக்குப் போயிருச்சு. "அண்ணி நம்ம ஆளு, கோச்சுக்க மாட்டா. அண்ணனுக்கு ஒண்ணு இருக்குதே, அது போதும்"னு சொல்லிட்டு நொண்டி நொண்டி ஏறுனா. தூங்கிட்டியா?

"இல்லை… ம்."

அண்ணன் ஊருக்கு இன்னும் ஒரே மேடுதான். கோபுரம் கூட தெரியுது. அப்போ புஸ்ஸ்ஸ்ஸ். வேலாமுள்ளு! முன் சக்கரம் சப்பட்டையாப் போச்சு. தள்ளிக்கிட்டே போனா, புளியமரத்தடியில ஒரு பஞ்சர் கடை. கடையில இருந்தது ஒரு பொம்பளை, நஞ்சம்மா. புருசன் போனப்புறம் அந்தக் கடையை அவளேதான் நடத்தறா. டியூப்பைக் கழட்டி, காத்தடிச்சு, தண்ணித் தொட்டியில முக்குனா. புளுக் புளுக்குன்னு குமிழி வருது. "இங்கதான் கண்ணு"ன்னு ஒட்டுப் போட்டுக் குடுத்துட்டா.

பாவாயி பழக்கதோசத்துல, "என்ற மகளுக்கு நாளன்னிக்குக் காதுகுத்துக்கா, நீங்களும் வரோணும்"னா.

நஞ்சம்மா சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே டியூப்பைத் தொடச்சா. "வாயால சொன்னதே போதும் அம்மிணி. தாலி அறுத்தவளுக்கு யாரு வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடறாங்க? அவரு போனதுல இருந்து என்னை ஒரு விசேஷத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. நீயும் சங்கடப்பட வேண்டாம்."

பாவாயி பையில கைய வெச்சுக்கிட்டே நிக்கறா. ஒத்தைப் பொட்டலம். அண்ணனோடது. இதைக் குடுத்தா அண்ணன் வரமாட்டான், மயிலு காதும் மூளியாவே நிக்கும். குடுக்கலைன்னா இந்தப் பொம்பளை சிரிச்சுக்கிட்டே இன்னொரு டியூப்பைத் தொடைக்கப் போயிருவா. என்ன பண்ணுவா சொல்லு?

"…குடுத்துட்டாளா?"

குடுத்துட்டா கண்ணு. ரெண்டு கையாலயும் குடுத்தா. "வந்துதான் ஆகோணும்கா, முன்னாடி வந்து உக்காரோணும்"னா. நஞ்சம்மா கையில எண்ணெய்க் கருப்பு, சேலையில தொடச்சுத் தொடச்சு, அப்புறம்தான் வாங்குனா. வாங்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டா.

அப்புறம் பாவாயி வெறும் பையோட கடைசி மேடு ஏறுனா. காத்தும் இல்லை, முள்ளும் இல்லை, ஆனா அந்த மேடுதான் அவளுக்கு ஏறவே முடியலை. அண்ணன் வூட்டு வாசல்ல போய் நின்னா. செங்கோடன் வெளிய வந்தான். மீசையைப் பார்த்தாலே ஆடு கட்டுத்தறிக் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும், அப்படி ஒரு ஆளு. முட்டியில ரத்தத்தைப் பார்த்தான், கையில செயின் கருப்பைப் பார்த்தான். முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டான்.

"என்ன?"ன்னான்.

"மயிலுக்குக் காதுகுத்துண்ணா. கூப்பிட வந்தேன்."

"வெத்தலை பாக்கு எங்க?"

"வழியிலயே தீந்து போச்சுண்ணா."

"தீந்து போச்சா! ஊருக்கெல்லாம் குடுத்தியாக்கும், மாமன்காரனுக்கு இல்லையாக்கும்?"

பாவாயி ஒண்ணையும் மறைக்கலை. ஆடு மேய்ச்ச அப்பாரு, பாவு போட்ட அம்மா, எல்லாம் சொன்னா. அப்புறம் சொன்னா, "உன்றதைக் கடைசியா ஒரு விதவைக்குக் குடுத்தேண்ணா. அவளை யாருமே கூப்பிடறதில்லையாம். அவ நம்மளை எதிர்பார்க்கக்கூட இல்லை. நீ எதிர்பார்த்தே. நீ புது வூட்டுக்குக் கூப்பிட்டே, நான் முறை பாத்துக்கிட்டு வராம இருந்தேன். தப்புண்ணா. இப்போ வெறுங்கையோட வந்திருக்கேன். வர்றதும் வராததும் உன்ற இஷ்டம்."

செங்கோடன் ஒரு படி எறங்கி வந்தான். மீசை துடிச்சுது. "பால் பொங்குனப்போ நான் அடுப்பைப் பார்க்கலை புள்ள. தடத்தையேதான் பார்த்துட்டு நின்னேன். ஆள் விட்டுச் சொன்னது என்ற தப்பு. நானே வந்திருக்கோணும்"னான். அவ்வளவு பெரிய ஆளு, குரலு உடைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் அழுதாங்க. நல்லா அழுதாங்க. அண்ணி வந்து ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டா.

அடுத்த நாள் வெடியால அண்ணி சீர் சாமானெல்லாம் எடுத்து வெச்சா. பட்டுத்துணி, தோடு, தேங்காய், பழம் எல்லாம். பண்ணையத்து ஆளு வந்து, "வண்டி பூட்டியாச்சுங்க, ஏறுங்க"ன்னான்.

செங்கோடன் சொன்னான், "வண்டியில சீரும் என்ற வூட்டுக்காரியும் வரட்டும். நான் அதுல வரலை."

"பொறகு எதுலீங்க?"

செங்கோடன் வேட்டியை மடிச்சுக் கட்டுனான். நேரா போய் பாவாயி சைக்கிள்ல, பின்னாடி கேரியர்ல உக்காந்துட்டான்! அந்த மீசையோட! ஊரே வாசலுக்கு வந்து பார்க்குது. பொடுசுகளெல்லாம் கெக்கெக்கேன்னு சிரிக்குது. அவன் கண்டுக்கவே இல்லை.

"மிதி புள்ள"ன்னான். "எனக்காக நீ எந்த வழியில வந்தியோ, அந்த வழியை நான் பார்க்கோணும்."

பாவாயி எம்பி ஏறுனா. டிரிங் டிரிங்! எறக்கத்துல மாமன்காரன் தங்கச்சி தோளைப் பிடிச்சுக்கிட்டான். மேடு வந்தா எறங்கித் தள்ளுனான். மறுநாள் மயிலு காதுல தோடு ஏறுறப்போ வீல்னு ஒரு சத்தம், அதுவும் மாமன் மடியில.

கண்ணு? ம் சத்தத்தையே காணோமே. சரி சரி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியாச்சு சைக்கிளை. கதை வூடு வந்து சேந்துச்சு, நீ கண்ணை மூடு.